வெள்ளாற்றில் வந்த மழைக்கோட்டு

என் கணவர் பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கப் போன இடத்தில் இறந்தார். மண்டி வாசலில் ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே அதன் மேல் சாய்ந்துவிட்டாராம். அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இதை முதலில் நம்புவதில்லை. "பனிமலையிலன்னு நெனச்சேன் டீச்சர்" என்பார்கள். "கடல்ல போயிட்டாரோன்னு பாத்தேன்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் மலைக்கும் கடலுக்கும் போன நாட்களிலெல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், பண்ருட்டி பஸ்ஸில் ஏறிய அன்று மட்டும் நிம்மதியாக மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சாவைப் பற்றி அல்ல. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, அவர் உயிரோடு இருக்கும்போதே, அவருடைய பிணத்தை அடையாளம் காட்டச் சொல்லி என்னைச் சிதம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் காலை இன்னும் என் உடம்பை விட்டு இறங்கவில்லை.

டெலிபோன் டிபார்ட்மென்டில் கேபிள் ஒட்டுகிற வேலை அவருக்கு. கடலூரின் தெருக்களைத் தோண்டி, குழிக்குள் குந்தியபடியே உத்தியோகக் காலம் முழுவதையும் கழித்தவர். நான் எங்கள் பங்குக் கோவில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். முதுநகரில் சொந்த வீடு. ஒரே மகள், கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். ரிட்டையர் ஆகிற வரைக்கும் அவர் வேளாங்கண்ணிக்குக்கூட நடந்து போனவரில்லை. மாதாவே மன்னிக்கட்டும் என்று பஸ்ஸில்தான் போவார். ரிட்டையர் ஆன கொஞ்ச நாளில், "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று சைக்கிளை எடுத்தவர், மறுநாள் நாகப்பட்டினத்திலிருந்து போன் செய்தார். அதற்கப்புறம் தனுஷ்கோடியிலிருந்து.

திரும்பி வந்தபோது கறுத்து, இளைத்து, உதடெல்லாம் வெடித்திருந்தது. வாசலில் நின்ற ஆளை எனக்குச் சட்டென்று யாரென்றே தெரியவில்லை.

"அவ்ளோ தூரம் போயி இன்னாத்தப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"குழிக்குள்ளேர்ந்து வெளிய வந்தேம்மா. அவ்ளோதான்" என்றார்.

அவ்வளவோடு நிற்கவில்லை. அறுபத்தைந்தைத் தாண்டிய பிறகு, யாரோ வாலிபர்களோடு சேர்ந்துகொண்டு இமயமலையில் ஒரு பனிக்கணவாய்க்குப் போனார். எனக்குச் சொன்னது டெல்லி, ஆக்ரா டூர் என்று. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் இடது காலில் கட்டைப் பார்த்தேன். சுண்டுவிரல் இல்லை. பனியில் செத்துப்போய், அங்கே ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டிருந்தார்கள். 

"ஒண்ணுதான போச்சி. மீதி ஒம்போது கெடக்குது இல்ல" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

எழுபது வயதில், துறைமுகத்தில் பழக்கமான ஒருவரிடம் சின்ன பைபர் படகை இரவல் வாங்கி, தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு பரங்கிப்பேட்டை வரை கடலில் போகப் பார்த்தார். பாதியில் கடலோரப் போலீஸ் மடக்கிக் கரைக்குக் கொண்டுவந்து, எனக்குப் போன் போட்டார்கள். "பெரியவருக்கு மனசு கினசு சரியில்லையாம்மா?" என்று அந்த இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில் கேட்டார். பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சாமியார்கூட ஒருமுறை அவரை நிறுத்தி, இந்த வயதில் அமைதியாக உட்கார்ந்து ஜெபமாலை சொல்லலாமே என்றார். "நடந்துகிட்டே சொல்றேன் ஃபாதர், கணக்கு தப்பாது" என்று இவர் சொன்ன பதிலுக்கு அவரும் சிரித்துவிட்டார்.

வெள்ளாற்று யோசனை அதற்குப் பின்னால் வந்தது. நான் பிறந்தது புவனகிரியில், வெள்ளாற்றங்கரையில். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "உங்க ஊரு ஆறு எங்கேர்ந்து வருதுன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். மேற்கே சேலத்துப் பக்கம் மலையிலிருந்து என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறேனே தவிர, அதற்கு மேல் தெரியாது. "அங்கேர்ந்து அத்தோடவே நடந்து பரங்கிப்பேட்டையில கடல்ல விடப்போறேன்" என்றார், ஏதோ ஆற்றைக் கைப்பிடித்துக் கூட்டிவருகிறவர் மாதிரி.

"ஐப்பசி மாசத்துல எவனாச்சும் ஆத்துப் பக்கம் போவானா?"

"ஆத்துல எறங்கல, கரையிலதான் நடக்கப்போறேன். தண்ணி இல்லாத ஆத்தப் பாக்கவா அவ்ளோ தூரம் போறது?"

மகளிடம் புகார் சொன்னேன். அவள் அவரைத் தடுப்பாள் என்று பார்த்தால், பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு மழைக்கோட்டு வாங்கி அனுப்பினாள். உள்பக்கம் தண்ணீர் புகாத ஒரு பை இருந்தது. போனையும், என் பெயரும் நம்பரும் எழுதிய ஆதார் ஜெராக்ஸையும் அதில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். "தூரத்திலேர்ந்து பாத்தாலும் அப்பா தெரியணும்மா" என்றாள்.

தினமும் சாயங்காலம் போன் வரும். எந்த ஊரில் தங்கினார், யார் சோறு போட்டார்கள், ஆறு எந்த இடத்தில் அகலமானது, எந்த இடத்தில் வெறும் முள்ளுக்காடு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஸ்ரீமுஷ்ணத்தை நெருங்கிவிட்டேன் என்று சொன்ன மறுநாள் கடலில் புயல் சின்னம் என்றார்கள். மழை ஜாஸ்தியானது. அன்று சாயங்காலம் போன் வரவில்லை. நான் போட்டால் சுவிட்ச் ஆஃப். சார்ஜ் இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு படுத்தேன்.

காலையில் அடுப்பில் பால் வைத்திருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. சேத்தியாத்தோப்பு பக்கத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார் ஒரு போலீஸ்காரர். என் பெயரையும் அவர் பெயரையும் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, "ஆரஞ்சு கலர்ல மழைக்கோட்டு போட்டிருப்பாராம்மா உங்க வூட்டுக்காரரு?" என்றார்.

"ஆமா, ஆமா" என்றேன். கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சந்தோஷமாக இருந்தது.

"நீங்க சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு வரணும்மா."

"எந்த வார்டு சார்?"

அந்தப் பக்கம் மழை மட்டும் கேட்டது.

"வார்டு இல்லம்மா. கூட ஆம்பள யாரையாச்சும் கூட்டிகிட்டு வாங்க."

நான் அழவில்லை. அடுப்பை அணைத்தேன். பாலை மூடி வைத்தேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய பனியனை எடுத்து மடித்தேன். இதையெல்லாம் யாரோ ஒருத்தி செய்கிறாள், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பது போலத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வந்து என் காலைப் பார்த்து, "டீச்சர், காலுக்கொரு தினுசா செருப்பு போட்டிருக்கீங்க" என்றபோதுதான் எனக்கு வாய் திறந்தது. "அவரு போயிட்டாரு" என்றேன். சொன்ன பிறகு அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அந்த அம்மாவே ஒரு கார் பிடித்து என்னோடு வந்தாள். முட்லூர் பாலத்தைக் கடக்கும்போது, "கீழ பாக்காதீங்க" என்றாள். பார்த்தேன். நான் குளித்து வளர்ந்த ஆறு கரையைத் தின்றுகொண்டு, செம்மண் நிறத்தில், வாழை மரங்களைப் புரட்டிக்கொண்டு ஓடியது. இதற்குள்தான் அவர் வந்தாரா என்று நினைத்தேன்.

சிதம்பரத்தில் கடை வைத்திருக்கும் என் தம்பி ஆஸ்பத்திரி வாசலில் நனைந்துபோய் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் குலுங்கி அழுதான். "அக்கா, நீ உள்ள வர வேணாம். நான் பாத்துட்டு வந்துடுறேன்."

"நான்தான்டா பாக்கணும்."

பிணவறையில் குளிர் இல்லை. ஃபினாயில் நாற்றம்தான். மேசைக்கு அடியில் அந்த ஆரஞ்சுக் கோட்டு சேறோடு சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்ததுமே முடிந்துவிட்டது என்று தெரிந்தது. ஊழியர் துணியை மார்பு வரை விலக்கினார். முகம் ஊதி, கல்லில் மோதிக் கிழிந்து, யாருடையதாகவும் இருக்கலாம் என்பது போல இருந்தது. நரைத்த தாடி. அவருக்கும் நடைப்பயணத்தில் தாடி வளர்ந்திருக்கும். அதே வளர்த்தி. "மாமாதான்க்கா" என்று தம்பி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். போலீஸ்காரர் எழுதத் தொடங்கினார்.

நான் அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே திக்கி நின்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கண் துணியின் அந்தக் கோடிக்குப் போனது. பாதங்கள் மூடியிருந்தன.

"காலக் காட்டுங்க" என்றேன்.

"எதுக்கும்மா?"

"காட்டுங்க."

அவர் துணியைத் தூக்கினார். வலது கால். இடது கால். இடது காலில் சுண்டுவிரல் இருந்தது. நகம் வெடித்து, சேறு அப்பி, தண்ணீரில் ஊறி வெளுத்து, ஆனால் இருந்தது. நான் விரலை நீட்டி, என் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். பத்து.

நான் சிரித்துவிட்டேன். செத்துப்போன ஒரு மனிதரின் காலடியில் நின்று சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டு அம்மா என்னை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தம்பி நினைத்திருக்கிறான்.

"வெரல எண்ணுடா! உங்க மாமாவுக்கு ஏதுடா பத்து வெரலு?"

அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான். போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டு, "அப்ப இவரு யாரும்மா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து இன்னும் மெதுவாக, "அப்ப உங்க வூட்டுக்காரரு எங்க?" என்றார். கோட்டு இங்கே இருக்கிறது, போன் இங்கே இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை. அந்தத் தண்ணீருக்குள் இன்னொருவரும் இருக்கலாம்.

தம்பி காரை எடுத்தான். சேத்தியாத்தோப்பில் அணைக்கட்டு மதகெல்லாம் திறந்து விட்டிருந்தார்கள். ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு வெள்ளத்தை வேடிக்கை பார்த்தார்கள். அவருடைய போட்டோவைக் காட்டிக் கேட்டோம். யாரும் பார்க்கவில்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகசாமி கோவில் பக்கம் ஒரு டீக்கடையில் கேட்டபோது டீ மாஸ்டர் போட்டோவைப் பார்க்காமலேயே, "உரச்சாக்கு போட்டுகிட்டு ஒரு பெரியவரு வந்தாரு, அவராம்மா?" என்று உள்ளே கையைக் காட்டினார்.

அடுப்புக்குப் பக்கத்தில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். யூரியா சாக்கின் அடியைக் கிழித்துத் தலை வழியாக மாட்டியிருந்தார். தட்டில் இட்லி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "அட, நீ எங்க இங்க?" என்றார்.

நான் ஓடிப்போய் அவரை அடித்தேன். நெஞ்சில், தோளில், சாக்கின் மேல், இரண்டு கையாலும். கல்யாணமான நாளிலிருந்து அவர் மேல் கை ஓங்கியதில்லை. கடையே எழுந்து நின்றுவிட்டது.

"போன் பண்ணத் தோணலியா? யாருகிட்டயாச்சும் வாங்கிப் பண்ணக் கூடாதா?"

"ஒன் நம்பரு தெரியலியேம்மா. பழைய லேண்ட்லைன் நம்பருதான் மனப்பாடம். அத வெட்டி எத்தினி வருஷமாச்சி" என்றார் பரிதாபமாக.

"கோட்டு எங்க?"

"குடுத்துட்டேன். நேத்து தரைப்பாலத்துக்கிட்ட ஒருத்தரு நடுங்கிகிட்டுக் குந்தியிருந்தாரு. மகளப் பாத்துட்டுத் திரும்பி வர்றாராம், அக்கரையில வூடு. காய்ச்ச அனலா அடிக்குது. கழட்டிப் போட்டு விட்டுட்டு வந்துட்டேன். கொஞ்ச தூரம் வந்த பெறகுதான் போனும் அதுலயே போச்சேன்னு ஞாபகம் வந்துச்சி. திரும்பிப் போயி பாத்தேன், ஆளக் காணோம்."

தம்பி என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கையில் இருந்த இட்லித் துண்டு அப்படியே நின்றது. வெகுநேரம் கழித்து அதைத் தட்டில் வைத்தார். "அந்த மனுஷனா?" என்றார். "செத்தது அந்த மனுஷனா?"

உடனே எழுந்துவிட்டார். தன் ஊர் பெயரை அந்த மனிதர் இவரிடம் சொல்லியிருந்தாராம். "நாம போயி போலீஸ்ல சொல்லலன்னா அவுங்க வூட்ல இன்னும் வழிய பாத்துகிட்டு இருப்பாங்க." அதே சாக்கோடு காரில் ஏறினார். பிணவறையில் அவரைப் பார்த்ததும் அந்தப் போலீஸ்காரர் ஜெராக்ஸில் இருந்த படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து வியர்த்துப்போனார். இவர் யாரையும் கவனிக்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் போய், அந்த ஊதிய முகத்தின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றார், இன்னும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பவர் போல.

போலீஸ் மூலம் அந்த வீட்டுக்குத் தகவல் போனது. கருமாதி முடிந்த பிறகு அந்த ஊருக்குப் போனோம். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. ஓட்டு வீடு, முன்னால் முருங்கை மரம். அந்த மனிதரின் மனைவி என் வயது இருப்பாள். எங்களுக்குப் பாய் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் பேச்சை எல்லாம் தலை குனிந்து கேட்டாள்.

பிறகு நிமிர்ந்து, "கோட்டு குடுத்தது நீங்கதானா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அவுருக்குத் தண்ணின்னா பயங்க. மழையில வெளியவே வர மாட்டாரு. தலை நனைஞ்சா காய்ச்ச ஏறிக்கும்னு, மழை நிக்கிற வரைக்கும் எத்தினி நேரமானாலும் குந்திகினே இருப்பாரு. கோட்டு கெடச்சதும்தான் போயிடலாம்னு தைரியம் வந்திருக்கு."

அவள் குரலில் கோபம் இல்லை. பழி சொல்லவும் இல்லை. தன் புருஷனை அறிந்த ஒருத்தி, நடந்ததை நடந்தபடி சொன்னாள். எனக்கு அவரைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தபோது அவர் தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. கிளம்பும்போது அவள் வாசல் வரை வந்து, "பாத்துப் போங்க" என்றாள்.

அதன் பிறகு அவர் எங்கேயும் போகவில்லை. இத்தனை வருஷம் நான் முழங்காலில் நின்று வேண்டியது அதைத்தான். வீட்டில் இருந்தார். டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்தார், சத்தத்தை வைக்கக்கூட மாட்டார். சைக்கிளில் காற்று இறங்கிக் கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்த மகள், "அப்பாவுக்கு உடம்புக்கு இன்னாம்மா?" என்று அடுக்களையில் வந்து அழுதாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. டாக்டரே சொல்லிவிட்டார். சவரம் பண்ணிக்கொள்ள ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. ஒருநாள் மாடிப்படி ஏறும்போது அவர் கைப்பிடியைத் தேடித் தடவினார். அதைப் பார்த்த அதிர்ச்சி பிணவறையில் பட்டதற்குக் குறைந்ததல்ல. அவர் கிழவராகிவிட்டிருந்தார்.

பங்குனியில், ஆறு வடிந்து மணல் தெரிய ஆரம்பித்த பிறகு, நானே கேட்டேன். "மீதி ஆத்த யாரு நடப்பா?"

அவர் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் வரேன். எங்க ஊரு ஆறுதான அது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒன் முட்டி தாங்காதும்மா."

"தாங்காட்டி குந்திட்டுப் போலாம்."

அப்படித்தான் நான் போனேன். அறுபத்தெட்டு வயதில், பள்ளிக்கூடமும் கோவிலும் தவிர எங்கேயும் நடந்தறியாதவள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தொடங்கினோம். அந்தத் தரைப்பாலத்தில் தண்ணீர் கணுக்காலுக்குக்கூட இல்லை. வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் நடுப்பாலத்தில் நின்றார், நானும் நின்றேன். அதற்குப் பின் காலையிலும் சாயங்காலத்திலும் மட்டும் நடந்தோம், வெயிலில் மர நிழலில் படுத்தோம். புவனகிரியில் என் தம்பி சோறு எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "மாமாவுக்குதான் பைத்தியம்னு நெனச்சேன்க்கா. ஒனக்குமா?"

பரங்கிப்பேட்டையில் முகத்துவாரத்துக்கு வந்தபோது என் கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆறு எந்த இடத்தில் முடிகிறது என்றே தெரியவில்லை. அகன்று, மெதுவாகி, அலையோடு கலந்துவிட்டது. அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் போன் போட்டு ஆர்ப்பாட்டம் செய்கிறவர், மணலில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததே இல்லை. எங்கள் பிள்ளை ஒன்று பிறந்து செத்தபோதுகூட என் முன்னால் அழாதவர். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்தேன். சட்டைக்கு அடியில் எலும்பு எலும்பாக இருந்தது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்தக் கரையில் கடலைப் பார்த்து அழுகிறவர்கள் அவளுக்குப் புதிதில்லை போலும். "இன்னா பெரியவரே, யாருனா தவறிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"சொந்தமா?"

அவர் ஆறு வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஆமா" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, "தண்ணி ஏறுற நேரம், கொஞ்சம் மேல வந்து குந்துங்க" என்று சொல்லிவிட்டு வலைப்பக்கம் போனாள். நான் அவருக்குக் கை கொடுத்தேன். அவர் எழுந்தார். நாங்கள் கொஞ்சம் மேலே வந்து உட்கார்ந்தோம்.